பழைய டீசல் கார் சூடேறுகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

சேலத்தில் இருந்து தருமபுரிக்கு வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்களைக் கோடையில் பார்க்கலாம். பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடம் ஓடிய டீசல் வண்டிகள். ஊருக்குள் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். ஏற்றம், வெயில், ஏசி, ஐந்து ஆட்கள், டிக்கியில் மாம்பழப் பெட்டி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததும் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விடும்.

என் வண்டியிலும் இது நடந்தது. முதலில் ரேடியேட்டர் மாற்றினேன், பிறகு வாட்டர் பம்ப் மாற்றினேன், அப்போதும் சூடு குறையவில்லை. கடைசியில் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்ததுதான் காரணம். அதன் பிறகு சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் வண்டிகள் பலவற்றில் கூட நின்று வேலை பார்த்துவிட்டேன். புதிதாகக் கை வைக்கிறவர்கள் எல்லோரும் நான் தடுக்கிய இடத்திலேயே தடுக்குகிறார்கள்: சோதிப்பதற்கு முன்பே பாகத்தை மாற்றுகிறார்கள். காசு செலவாகாத சோதனைகளை எல்லாம் முடித்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படி அமைத்ததுதான். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

1. வழியில் முள் ஏறிவிட்டால்

முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். வெயிலில் இது கொடுமையாக இருக்கும், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும்.

முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது, ஆவி வரவில்லை, தண்ணீர் ஒழுகவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு முழுதாக விலகி நிறுத்தி, ஓரிரு நிமிடம் என்ஜினை சும்மா ஓடவிடுங்கள். ஃபேனும் பம்பும் ஓடினால் முள் இறங்கும். முள் சிவப்பில் நிற்கிறது, ஆவி வருகிறது, பெல்ட் அறுந்துவிட்டது, இந்த மூன்றில் எது நடந்திருந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள். தொப்பூரில் லாரிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். வளைவில் நிறுத்த வேண்டாம், ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள்.

சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடைய வேண்டாம். தண்ணீர் முழுக்க வெளியேறி, சென்சார் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். காற்றில் நிற்கும் சென்சார் சூட்டைச் சரியாகக் காட்டாது. ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் என்ஜின் பாகம்) கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

மூடியைத் திறக்க முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர். அழுத்தம் இருக்கும்வரை அது கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மேல் ஓஸ்பைப்பைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். தளர்வாக இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். காய்ந்து கிடக்கும் சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும். என்ஜினைக் கையால் தொட முடிகிற அளவு ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

2. வேலைக்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

ஸ்பேனர் செட், ஸ்க்ரூடிரைவர், நல்ல டார்ச், பழைய துணி, அகலமான பிளாஸ்டிக் தொட்டி, டெஸ்ட் லேம்ப் அல்லது மல்டிமீட்டர். இதோடு ஒரு லேசர் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டினால் சூட்டை எண்ணில் காட்டும் கருவி, விலை அதிகமில்லை. தேவையில்லாமல் ஒரு ரேடியேட்டர் மாற்றுவதைத் தடுத்தாலே போட்ட காசு வந்துவிடும்.

கூலன்டும் (ரேடியேட்டரில் தண்ணீரோடு கலந்து ஊற்றும் திரவம்) டிஸ்டில்ட் வாட்டரும் முன்பே வாங்கி வையுங்கள். உங்கள் வண்டிக்கு எத்தனை லிட்டர் என்பது கையேட்டில் இருக்கும். பேட்டரி கடையில் "பேட்டரி தண்ணீர்" என்று கேட்டால் டிஸ்டில்ட் வாட்டர்தான் கொடுப்பார்கள்; ஆனால் ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

என்ஜின் ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில், காலையில் வேலையைத் தொடங்குங்கள். கீழே வரும் பாதிச் சோதனைகளுக்குக் குளிர்ந்த என்ஜின் கட்டாயம். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள கார் என்றால், ஃபேன் பக்கம் கை போகும் வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அந்த ஃபேன் தானாகச் சுற்றும்.

3. எப்போது சூடேறுகிறது என்று எழுதுங்கள்

பாதிக் காரணம் இதிலேயே தெரிந்துவிடும். "சும்மா சும்மா ஹீட் ஆகுது" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவராலும் ஊகிக்கத்தான் முடியும். ஒரு வாரம் ஒரு சீட்டில் குறித்து வையுங்கள்: எந்த இடம், என்ன வேகம், எந்த கியர், ஏசி ஓடியதா, எத்தனை பேர்.

நான்கு ரோடு சிக்னலில், சுங்கச்சாவடி வரிசையில், நின்றால் ஏறுகிறது, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். வண்டி ஓடும்போது முன்னால் இருந்து காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன் ஒன்றே கதி.

ஊருக்குள் சரியாக இருந்து, ஏற்றத்திலோ 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலோ ஏறினால், தண்ணீர் போதிய அளவு சுற்றவில்லை அல்லது ரேடியேட்டர் சூட்டை வெளியேற்றவில்லை. அடைப்பு, பம்ப், பாதி திறந்த தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) இவற்றில் ஒன்று. டீசல் என்ஜின் சும்மா ஓடும்போது கொஞ்சம்தான் எரிபொருள் குடிக்கும், சூடும் குறைவு. அதனால் பாதி அடைத்த ரேடியேட்டர்கூட ஊருக்குள் குறை காட்டாது. கிருஷ்ணகிரியில் இருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போதுதான் வெளியே வரும்.

கிளப்பி ஐந்து, பத்து நிமிடத்துக்குள் சிவப்புக்குப் போனால் தெர்மோஸ்டாட் மூடியே நிற்கிறது, அல்லது உள்ளே காற்று தங்கி வழியை அடைத்திருக்கிறது (ஏர்லாக்), அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கிறது.

4. முள் சொல்வது உண்மைதானா?

இதை ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். முள் உயரத்தில் இருக்கும்போது தெர்மோஸ்டாட் உறையின் மேல் லேசர் தெர்மாமீட்டரை நீட்டுங்கள். 80 முதல் 95 டிகிரி வரை காட்டினால் என்ஜின் நலமாக இருக்கிறது. சென்சார், அதன் கனெக்டர், எர்த் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளந்தால் கணக்கு சரியாக வரும்.

5. தண்ணீர் அளவும் மூடியும்

குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும். பலர் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். டப்பா நிறைந்து ரேடியேட்டர் காலியாக இருந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். இதற்குக் காரணம் மூடிதான். என்ஜின் ஆறும்போது டப்பாவில் இருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச மூடியின் நடுவில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் வெளியே போன தண்ணீர் உள்ளே வராது.

மூடியின் முக்கிய வேலை அழுத்தம் பிடிப்பது. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தம் பிடித்தால் அதே தண்ணீர் ஏறக்குறைய 117 டிகிரி வரை கொதிக்காது. ஏற்றத்தில் என்ஜின் 98, 100 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மூடி நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கெட்டிருந்தால் அதே சூட்டில் கொதித்து வழிந்துவிடும்.

மூடியின் ரப்பரில் வெடிப்போ தடமோ இருந்தால், ஸ்பிரிங் துருவேறித் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். மேலே அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே எண் வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.3 போட்டால் பழைய ஓஸும் பிளாஸ்டிக் டேங்கும் தாங்காது. ரேடியேட்டர் கழுத்தின் உட்பக்க விளிம்பையும் துடைத்துப் பாருங்கள். அங்கே உப்புப் படிந்திருந்தால் புது மூடியும் பிடிக்காது.

6. ஹெட் கேஸ்கெட்டை இப்போதே சோதியுங்கள்

எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பயம்தான் காரணம். ஆனால் சோதிக்கக் காசு ஆகாது. கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரிலும் பம்பிலும் போடும் பணம் முழுக்க வீண். அதனால் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

காலையில் குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, என்ஜினைக் கிளப்புங்கள். முகத்தைத் தள்ளி வைத்து, முதல் இரண்டு நிமிடம் கழுத்தைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் அது உள்ளே தங்கிய காற்று. சோடா மாதிரி விடாமல் வந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்னும் கூடினால், சிலிண்டர் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது. என்ஜின் சூடாவதற்குள் அணைத்து மூடிவிடுங்கள்.

அடுத்த நாள் காலையில் இன்னொரு சோதனை. மூடி போட்டபடியே கிளப்பி, ஒரு நிமிடத்தில் மேல் ஓஸை அமுக்குங்கள். தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அழுத்தம் ஏற நேரமே ஆகவில்லை. அப்போதே ஓஸ் கட்டை மாதிரி விறைத்திருந்தால் காரணம் அதேதான். டீசல் என்ஜினில் சிலிண்டர் அழுத்தம் பெட்ரோலைவிட மிக அதிகம், அதனால் சின்ன விரிசலிலும் வாயு வேகமாகப் புகுந்துவிடும்.

ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த டீ நிறம், சூடான பிறகும் சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, கீழே சொட்டாமலே குறையும் தண்ணீர் இவையும் அடையாளங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் பசை இருந்தால் பதற வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி வரும்.

கேஸ்கெட் போயிருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் மட்டம் பார்த்து, விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் சோதனை செய்துவிட்டுத்தான் புது கேஸ்கெட் போட வேண்டும். சூட்டில் வளைந்த ஹெட்டின் மேல் புது கேஸ்கெட் போட்டால் சில மாதத்தில் மறுபடி கழற்ற வேண்டி வரும். சில டீசல் என்ஜின்களில் கேஸ்கெட் பல கனத்தில் வரும். ஓரத்தில் உள்ள வெட்டுகளை எண்ணிப் பழையதற்குப் பொருத்தமானதை வாங்கச் சொல்லுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குகிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

7. கசிவைத் தேடுங்கள்

வண்டியை உலர்ந்த தரையில், அடியில் அட்டை விரித்து ராத்திரி நிறுத்துங்கள். ஈரம் எங்கே விழுகிறதோ அதற்கு நேர் மேலே தேடுங்கள். சூடாகும்போது மட்டும் ஒழுகி உடனே ஆவியாகிவிடும் கசிவும் உண்டு. அதற்கு ஈரத்தைத் தேடாமல் கறையைத் தேடுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ தடம் இருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஓஸ் முனைகளும் கிளாம்புகளும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகள். காருக்குள் முன் சீட் மேட் நனைந்து, தித்திப்பு வாசனை வந்தால் ஹீட்டருக்குள் கசிவு. அதை வெளியே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கடையில் விற்கும் லீக் அடைக்கும் பவுடரும் அதே வகைதான். நடுவழியில் ஊர் வந்து சேர வேறு வழியில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அது கசிவை மட்டும் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். போட்டிருந்தால் வந்ததும் கழுவிவிடுங்கள்.

8. காற்றுப் பாதை

ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் இருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர்தான் தெரியும், அது சுத்தமாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் தூசி, பூச்சி, வைக்கோல் துணுக்கு எல்லாம் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிச் சாலையில் ஓடும் வண்டிகளில் கல்தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சிமெண்ட் பூசியது போல ஆகிவிடும். டார்ச்சை என்ஜின் பக்கம் பிடித்து முன்னால் இருந்து பாருங்கள். வெளிச்சம் ஊடுருவி வரவில்லை என்றால் காற்றும் வராது.

கழுவும்போது என்ஜின் பக்கத்தில் இருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வந்த வழியே வெளியே தள்ளினால்தான் தூசி கழலும். முன்னால் இருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். தோட்டத்து ஓஸ், சோப்புத் தண்ணீர், பொறுமை போதும்.

அடுத்து ஃபேன். இண்டிகா போன்ற சின்னக் கார்களில் எலக்ட்ரிக் ஃபேன். ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் அது சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். பிறகு மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுங்கள். நேராகக் கொடுத்தால் சுற்றுகிறது, வண்டியில் சுற்றவில்லை என்றால் மோட்டாரை விட்டுவிட்டு, ரேடியேட்டரில் உள்ள ஃபேன் சுவிட்சையும் வயரிங்கையும் பாருங்கள். மோட்டார் மாற்றிய வண்டி என்றால் ஃபேன் எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது என்று ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் பிடித்த தாள் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் திருப்பிச் சுற்றி, ஓடும்போது வரும் காற்றையும் எதிர்த்துத் தள்ளும்.

ஃபேன் சுவிட்ச் கெட்டதும் "டைரக்ட் கொடுத்துடலாம்" என்பார்கள். சாவி போட்டதில் இருந்து ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். ஊர் போய்ச் சேர அது சரி. நிரந்தரமாக வைத்தால் என்ஜின் சூடாக நேரம் எடுக்கும், மோட்டார் சீக்கிரம் தேயும், பேட்டரிக்கும் சுமை. சுவிட்சின் விலை அதிகமில்லை, மாற்றிவிடுங்கள்.

பொலிரோ, குவாலிஸ் மாதிரி வண்டிகளில் ஃபேன் என்ஜினோடு பெல்ட்டில் சுற்றும். நடுவில் விஸ்கஸ் கிளட்ச் (சூடு ஏறினால் ஃபேனை இறுகப் பிடித்துச் சுற்றவைக்கும் எண்ணெய் அடைத்த பாகம்) இருக்கும். என்ஜின் அணைந்திருக்கும்போது கையால் சுற்றிவிடுங்கள். இழுத்துப் பிடிப்பது போல ஒரு தடை இருக்க வேண்டும். காத்தாடி மாதிரி மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால், அல்லது அதன் நடுவில் இருந்து எண்ணெய்க் கோடு சிதறியிருந்தால் கிளட்ச் போய்விட்டது.

ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி, திரும்ப மாட்டாமலே அனுப்பிய வண்டிகள் நிறைய. கூடு இல்லை என்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

9. தெர்மோஸ்டாட்

குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி மேல் ஓஸில் தெர்மாமீட்டரை நீட்டியபடி இருங்கள். வெகுநேரம் குளிர்ச்சியாகவே இருந்து, என்ஜின் 80 டிகிரியைத் தாண்டியதும் சட்டென்று சூடாக வேண்டும். அதுதான் வால்வு திறக்கும் நேரம். என்ஜின் 100ஐ நெருங்கியும் ஓஸ் குளிர்ச்சியாக இருந்தால் வால்வு திறக்கவில்லை.

உறுதி செய்ய வால்வைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. அதன் மேல் 82, 88 என்று ஏதாவது எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். புது வால்வு வாங்கினாலும் மாட்டும் முன் இதே சோதனை செய்துவிடுங்கள். ஸ்பிரிங் உள்ள பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும்.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று வால்வை எடுத்து வீசிவிடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பல என்ஜின்களில் வால்வு திறக்கும்போது பைபாஸ் பாதையை மூடுகிறது. வால்வே இல்லை என்றால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும். சமதரையில் என்ஜின் எப்போதும் குளிர்ச்சியாகவே ஓடி, டீசல் அதிகம் குடித்து, தேய்மானமும் கூடும்.

10. ரேடியேட்டருக்குள் உப்பு

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர்வெல் தண்ணீர் கடினமானது. வெந்நீர் வைக்கும் அண்டாவின் அடியில் படியும் வெள்ளைப் படலம்தான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. அந்தப் படலம் சூட்டைக் கடத்தாது, வழியையும் குறுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குடிக்க நல்லது. ஆனால் அதிலும் கரைந்த உப்பு உண்டு, ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகம் முழுக்கத் தெர்மாமீட்டரால் கோடு கோடாக அளந்து வாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்தில் இருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் திடீரென்று 15, 20 டிகிரி குறைவாகக் காட்டினால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

லேசான அடைப்புக்கு ரேடியேட்டர் கிளீனர் ஊற்றி, டப்பாவில் சொன்ன நேரம் ஓட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். பிறகு ஓஸ்களைக் கழற்றி, வெளியேறும் பக்கத்தில் இருந்து நுழையும் பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் எந்த அளவிலும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் பட்டறையில் டேங்கைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் சேர்ந்தது நிறைய அடைத்திருந்தால் புதியது போடுவதே நல்லது.

வடிக்கும் பழைய கூலன்டைத் தொட்டியில் பிடித்து மூடி வையுங்கள். அது விஷம், ஆனால் தித்திக்கும். நாயோ ஆடோ குடித்தால் பிழைப்பது கஷ்டம்.

11. பெல்ட், வாட்டர் பம்ப், கீழ் ஓஸ்

பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் சறுக்கும். பம்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பேரிங் தேய்ந்திருக்கிறது. டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால், பம்ப் மாற்றும்போது பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

வெளியே கசியாமல், ஆட்டமும் இல்லாமல், உள்ளே உள்ள இறக்கை மட்டும் துருவில் கரைந்த பம்ப்களும் உண்டு. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது வரும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் சூடேறினால் பம்பைக் கழற்றிப் பாருங்கள்.

கீழ் ஓஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சுகிறது. ஓஸ் பழசாகி மெத்தென்று ஆனால், வேகமாக ஓட்டும்போது உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். நின்றதும் பழையபடி விரிந்துவிடும். ஒருவரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று கவனித்தால் தெரியும்.

12. கூலன்ட் நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

ரேடியேட்டர் மாற்றிய மறுநாளே "இன்னும் ஹீட் ஆகுது" என்று வருகிற வண்டிகளில் உள்ளே காற்று தங்கியிருப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும்; அந்த இடம் ரேடியேட்டர் கழுத்தாக இருக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், காற்று எடுக்கும் திருகு இருந்தால் திறந்து வையுங்கள். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி கலந்து, மெதுவாக ஊற்றுங்கள். திருகில் குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் அதை மூடுங்கள். மூடி போடாமல் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, மேல் ஓஸை அவ்வப்போது அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், இன்னும் ஊற்றுங்கள். குமிழி நின்று, ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்த பிறகு மூடி போடுங்கள்.

கலந்து வரும் ரெடி கூலன்டில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். பச்சையும் ஆரஞ்சும் கலக்காதீர்கள். வெவ்வேறு மருந்துகள் சேர்ந்து கசடு உண்டாகலாம். எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்துக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

13. ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்

நேராகக் கணவாய்க்குப் போக வேண்டாம். முதல் நாள் ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டர், மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினில் அளவு பாருங்கள். டப்பாவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் மீதிக் காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏற்றம். தருமபுரிக்காரர்கள் தொப்பூர் இறங்கித் திரும்பி ஏறலாம், பென்னாகரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒகேனக்கல் திரும்பும் வழி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் சாலை. முதல் தடவை தனியாக, ஏசி இல்லாமல். முள் அசையவில்லை என்றால் இன்னொரு நாள் ஏசியோடு, ஆட்களோடு.

ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். நாலாவது கியரில் முக்கிக்கொண்டே போனால் என்ஜினுக்குச் சுமை அதிகம், ஆனால் பம்ப் மெதுவாகத்தான் சுற்றும். மூன்றாவதில் போட்டால் பம்ப் வேகம் எடுத்துச் சூட்டைத் தூக்கிப் போகும்.

இவ்வளவும் சரியாக இருந்து இன்னும் சூடேறினால், ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் தெர்மாமீட்டரை நீட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட மிக அதிகம் என்றால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, என்ஜின் அதையும் சேர்த்து இழுக்கிறது. கிளட்ச் நழுவினாலும், டீசல் பம்பின் டைமிங் தள்ளிப்போயிருந்தாலும் சூடேறும். அவை மெக்கானிக் பார்க்க வேண்டியவை. அவரிடம் போகும்போது மூன்றாவது படியில் எழுதிய சீட்டையும், அளந்த சூட்டுக் கணக்கையும் எடுத்துப் போங்கள்.